மேடை யாருக்காக?
பிரசங்க மேடை என்னும் சொல்லின் பிறப்பும் பொருளும்



நமது பழைய கோவில்கள் சிலவற்றில், சனங்கள் அமரும் இடத்தின் ஒரு பக்கத்தில், சுவரோடு அல்லது தூணோடு சேர்த்து உயரமாகக் கட்டப்பட்ட ஒரு மரக்கூடு இருந்தது. சிறிய படிகள், கைபிடிக்க ஒரு விளிம்பு, சிலவற்றில் தலைக்கு மேலே ஒரு மரக்கூரை. குருவானவர் அதில் ஏறி நின்று பிரசங்கம் செய்வார். ஆங்கிலத்தில் அதைப் 'புல்பிற்' என்பார்கள். நாம் பிரசங்க மேடை என்றோம், பிரசங்க பீடம் என்றோம்.

இடம்பெயர்ந்து வாழ்ந்த காலத்தில் நாம் செபித்த கொட்டில்களில் அப்படியொன்று இருக்கவில்லை. தறப்பாளின் கீழே ஒரு மேசை, வாசிக்க ஒரு வாங்கு அல்லது கவிழ்த்துவைத்த பெட்டி, அவ்வளவே. ஆனால் மேடைகளுக்குக் குறைவிருக்கவில்லை. நிவாரணப் பட்டியல் வாசிக்க ஒரு மேடை, அதிகாரிகள் அறிவித்தல் கொடுக்க ஒரு மேடை, தேர்தல் காலத்தில் இன்னொரு மேடை. மேலே நின்றவர்கள் மாறினார்கள். கீழே மண்ணில் இருந்து கேட்டவர்கள் நாமே.

ஆகவே இப்பாடத்தில் ஒரு சொல்லை எடுத்து ஆராய்வோம். பிரசங்க மேடை எங்கிருந்து வந்தது? முதலில் அது யாருக்காகச் செய்யப்பட்டது? அதில் ஏறத் தகுதியுள்ளவர் யார்? குழுவாக வாசிப்பவர்கள் திருவிவிலியத்தில் நெகேமியா 5, 8 ஆம் அதிகாரங்களையும், லூக்கா 4 ஆம் அதிகாரத்தையும் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

1. சொல்லின் பிறப்பு

'புல்பிற்' என்பது இலத்தீன் மொழியின் 'புல்பித்தும்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 'புல்பித்தும்' கோவிலில் பிறந்த சொல் அல்ல. பலகைகளை அடுக்கி உயர்த்திய தளத்துக்கு உரோமர் இட்ட பெயர் அது. சிறப்பாக, நாடக அரங்கில் நடிகர்கள் நின்று பேசிய தளத்தை அப்படி அழைத்தார்கள். நமது வழக்கில் சொல்வதானால், அது ஒரு கூத்து மேடை.

கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் வித்துருவியுஸ் என்னும் உரோமக் கட்டடக்கலைஞர் கட்டட வேலை பற்றி ஒரு நூல் எழுதினார். இந்த மேடையின் உயரம் 5 அடிக்கு மேற்படக் கூடாது என்று அதில் விதி கூறுகிறார். காரணம் எளியது. அதற்கு மேலே போனால், மேடைக்கு அருகில் தாழ்வான இடத்தில் இருப்பவர்களுக்கு நடிகர்களின் அசைவுகள் தெரியாது. இதை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மேடையின் உயரத்தை அளந்து கொடுத்தது, கீழே இருப்பவரின் கண்தான். மேலே நிற்பவரின் பெருமைக்கு அந்த அளவில் இடமில்லை. உரோமில் நடிகர்கள் பலர் அடிமைகளாகவோ சமூகத்தில் தாழ்வாக எண்ணப்பட்டவர்களாகவோ இருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இச்சொல்லுக்கு உடன்பிறப்புகளும் உண்டு. பிரெஞ்சு மொழியில் பள்ளிப் பிள்ளை எழுதும் சாய்மேசைக்கு 'ப்யுபித்ர்' என்று பெயர். ஜேர்மன் மொழியில் 'புல்ற்' என்பது எழுதும் மேசை. இரண்டும் 'புல்பித்தும்' என்ற சொல்லின் வழி வந்தவையே. குருவானவர் பேசிய இடமும், பிள்ளை எழுத்துப் படிக்கும் இடமும் ஒரே வேர்ச்சொல்லின் கிளைகள்.

கிரேக்க மொழி பேசிய திருச்சபைகள் வேறொரு சொல்லைக் கையாண்டன. அது 'அம்போன்'. ஏறுதல் என்ற பொருளுடைய வினையோடு அதைத் தொடர்புபடுத்துவது மரபு. இன்று நமது திருவழிபாட்டு நூல்கள் வாசக மேடை என்று சொல்வது இந்த 'அம்போன்' தான்.

நாடகத்தோடு தொடர்புடைய இன்னொரு சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். நற்செய்தியில் ஆண்டவர் பரிசேயரைக் கண்டிக்கும்போது வெளிவேடக்காரர் என்கிறார். அங்கே கிரேக்கத்தில் உள்ள சொல்லின் பழைய பொருள் 'நடிகர்' என்பதே. கூத்தில் வேடம் கட்டியவர் அரசன் போலப் பேசுகிறார். விடிந்ததும் முடியைக் கழற்றி வைத்துவிட்டு வயலுக்குப் போகிறார். அதில் பிழை இல்லை, அது கலை. ஆனால் கடவுளின் வார்த்தையைச் சொல்ல ஏறுபவர், இறங்கியதும் வேறு ஆளாக வாழ்ந்தால் அது வேடம். நடிகரின் மேடைப் பெயரையே பிரசங்கியாரின் மேடைக்கும் இட்டது ஒரு நிலையான எச்சரிக்கை போல இருக்கிறது.

2. திருநூலில் ஒரு மரமேடை

திருவிவிலியத்தில் வாசிப்பதற்கென்றே செய்யப்பட்ட மேடை நெகேமியா நூலில் வருகிறது (8:4). ஆங்கிலத்தில் 1611ல் வெளியான பழைய மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் 'புல்பிற்' என்ற சொல்லையே இட்டது.

அந்த மேடை எழுந்த சூழலை நாம் எளிதில் விளங்கிக்கொள்வோம். கி.மு. 587 அளவில் பாபிலோனியர் எருசலேமை அழித்து மக்களைச் சிறைப்படுத்திக் கொண்டுபோனார்கள். கி.மு. 538ல் பாரசீக அரசன் சைரஸ் திரும்பிப் போக அனுமதி கொடுத்தான். திரும்பியவர்கள் கண்டது இடிந்த நகரையும், தங்கள் காணிகளில் வேறு ஆட்கள் இருப்பதையும், வறுமையையும். கி.மு. 445ல் நெகேமியா வந்து 52 நாட்களில் மதிலைக் கட்டி முடிப்பித்தார். எஸ்ராவின் வாசிப்பைக் கேட்கக் கூடியவர்கள் பலர் இடப்பெயர்வின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1990ல் வலிகாமம் வடக்கை விட்டுக் கைக்குழந்தையாகத் தூக்கிச் செல்லப்பட்டவர் இன்று முப்பது வயதைக் கடந்தவர். தன் ஊரைத் தாய் தகப்பன் சொல்லக் கேட்டே அறிந்த ஒரு தலைமுறை என்றால் என்னவென்று நமக்கு விளக்க வேண்டியதில்லை.

மேடைக்கு வருமுன் 5 ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். அங்கே ஒரு பெரிய முறைப்பாடு எழுகிறது. ஆண்கள் மட்டுமல்ல, அவர்களுடைய மனைவியரும் குரல் எழுப்பினார்கள் என்று நூல் சொல்கிறது. பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் தோட்டத்தையும் வீட்டையும் ஈடு வைத்தோம், அரசனின் வரி கட்டக் கடன்பட்டோம், பிள்ளைகளை அடிமைகளாக விட வேண்டியதாயிற்று என்பதே அவர்கள் முறைப்பாடு. கடன் கொடுத்து வட்டி வாங்கியவர்கள் அந்நியர் அல்லர், சொந்தச் சகோதரர்கள். நெகேமியா சபை கூட்டி, வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் ஒலிவத் தோப்புகளையும் வீடுகளையும், வாங்கிய வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அவர்களும் கொடுக்க உடன்பட்டார்கள். நூலின் வரிசையில், காணி திரும்பிய பின்னரே மேடை வருகிறது. முதலில் மக்களின் குரல் கேட்கப்படுகிறது, பிறகு கடவுளின் வார்த்தை வாசிக்கப்படுகிறது.

இனி 8 ஆம் அதிகாரம். ஏழாம் மாதத்தின் முதல் நாள் மக்கள் எல்லோரும் தண்ணீர் வாயிலின் முன்னுள்ள வெளியில் கூடினார்கள். கோவிலுக்குள் அல்ல, திறந்த வெளியில். ஆண்களும் பெண்களும், கேட்டு விளங்கக்கூடிய எல்லோரும் வந்தார்கள். இதற்கென்று செய்த மரமேடையில் எஸ்ரா ஏறினார். அவர் தனியே நிற்கவில்லை. வலப்பக்கம் 6 பேர், இடப்பக்கம் 7 பேர் நின்றார்கள். அவர்களுடைய பெயர்கள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டுள்ளன. விடியற்காலை தொடங்கி நண்பகல் வரை வாசிப்பு நடந்தது. லேவியர்கள் மக்களுக்கு விளங்கும்படி பொருள் சொல்லிக் கொடுத்தார்கள். மேடையில் ஏற்றப்பட்டது எஸ்ரா என்ற மனிதர் மட்டுமல்ல, ஒரு நூலும்கூட. எல்லோரும் பார்க்கும்படி அவர் அதைத் திறந்தார், மக்கள் எழுந்து நின்றார்கள்.

பிறகு நடந்தது என்ன? மக்கள் அழுதார்கள். அழவேண்டாம், போய் உண்டு குடியுங்கள், ஒன்றும் ஆயத்தம் செய்ய முடியாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. மறுநாள் திருச்சட்டத்தைத் திரும்பவும் ஆராய்ந்தபோது கூடாரத் திருவிழாவைப் பற்றிக் கண்டார்கள். மலைக்குப் போய் ஒலிவக் கிளைகளும் ஈச்சோலைகளும் கொண்டுவந்து, வீட்டுக் கூரைகளிலும் முற்றங்களிலும் கொட்டில்கள் கட்டி ஏழு நாட்கள் குடியிருந்தார்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் எல்லோரும் அப்படிச் செய்தார்கள் என்று நூல் அழுத்திச் சொல்கிறது. கொட்டில் வாழ்வை அவர்கள் வெட்கமாக மறைக்கவில்லை. முன்னோர் பாலைநிலத்தில் வாழ்ந்ததை நினைவுகூரும் திருவிழாவாக அதைக் கொண்டாடினார்கள். நல்ல பிரசங்கத்தின் அடையாளம் இதுதான். கேட்டவர்கள் எழுந்து போய் ஒன்று செய்கிறார்கள், இல்லாதவனுக்குப் பங்கு போகிறது.

3. காவற்பரணும் மேடையும்

எஸ்ராவின் மரமேடையைக் குறிக்க எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'மிக்தால்'. கோபுரம் என்பதே அதன் நேர்ப்பொருள். எசாயா 5:2ல் ஒருவர் தோட்டத்தைக் கொத்திக் கல் பொறுக்கி நல்ல கொடி நட்டு, நடுவே காவற்கோபுரம் கட்டினார் என்று வருகிறதல்லவா? அங்கேயும் இதே சொல்தான்.

கமம் செய்யும் நமக்கு இதற்கு உரை தேவையில்லை. சேனைக்காட்டிலும் வயலோரத்திலும் நாம் பரண் கட்டுகிறோம். அதில் ஏறுபவர் சொகுசுக்காக ஏறுவதில்லை. யானையும் பன்றியும் வருவதை மற்றவர்களுக்கு முன் காணவும், கண்டவுடன் சத்தமிடவும் ஏறுகிறார். பரணில் நித்திரை கொண்டவனை ஊர் மன்னிக்காது. இறைவாக்கினர் எசேக்கியேல் தாமே பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட ஓர் இடம்பெயர்ந்தவர். வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவலாளியிடம் இரத்தப்பழி கேட்கப்படும் என்று அவர் எச்சரிக்கிறார் (எசே 33:6). பிரசங்க மேடையும் அத்தகைய ஒரு பரணே.

மகதலா என்ற ஊர்ப்பெயரும் 'கோபுரம்' என்ற இச்சொல்லோடு தொடர்புடையது. அந்த ஊர்ப் பெண்ணான மரியா எந்த மேடையிலும் ஏறவில்லை. ஆனால் ஆண்டவர் உயிர்த்த செய்தியைச் சீடருக்கு முதலில் கொண்டுபோனவர் அவரே.

4. கதிரையிலிருந்து கற்பித்தல்

ஆண்டவர் எந்த மேடையில் நின்று பிரசங்கித்தார்? மலைச்சரிவில் அமர்ந்து கற்பித்தார் (மத் 5:1). கரையிலிருந்து சற்றுத் தள்ளிய வள்ளத்தில் இருந்து கற்பித்தார் (லூக் 5:3). நாசரேத்துச் செபக்கூடத்தில் எழுந்து நின்று எசாயாவின் ஏட்டை வாசித்தார், பிறகு உட்கார்ந்து பேசத் தொடங்கினார் (லூக் 4:16-21). வாசிக்கும்போது நிற்பதும், கற்பிக்கும்போது இருப்பதும் அக்கால யூத வழக்கம்.

ஆதித் திருச்சபையில் ஆயரும் இருந்தே பிரசங்கித்தார். அவருடைய ஆசனத்தைக் 'கத்தேத்திரா' என்றார்கள். ஆயரின் ஆசனம் உள்ள கோவில் 'கதீட்ரல்' எனப்படுவது இதனால்தான். அதே சொல் போர்த்துக்கேயரின் 'கதெய்ரா' ஆகி, அவர்கள் வழியாக நமது பேச்சில் கதிரை ஆயிற்று. ஆயரின் ஆசனத்துக்கும் நமது வீட்டுத் திண்ணையில் கிடக்கும் கதிரைக்கும் ஒரே பெயர்.

மோசேயின் இருக்கையில் மறைநூல் அறிஞர் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள், அவர்கள் செய்வதைச் செய்யாதீர்கள் என்று ஆண்டவர் சொன்ன இடத்திலும் (மத் 23:2-3) மூலத்தில் உள்ளது இந்தக் கதிரைதான். இது குருக்களுக்கும், சங்கத் தலைவர்களுக்கும், கதிரையில் இருக்கும் அனைவருக்கும் பொருந்தும்.

5. சிறையிலிருந்து மேடைக்கு

'புல்பித்தும்' என்ற சொல் கோவிலுக்குள் வந்துவிட்டதை மூன்றாம் நூற்றாண்டிலேயே காண்கிறோம். வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகர் ஆயரான புனித சிப்பிரியான் எழுதிய கடிதங்களில் அது வருகிறது. உரோமப் பேரரசன் தேசியுஸ் 250ல் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தினான். அப்போது செலெரினுஸ் என்பவர் 19 நாட்கள் சிறையில், இரும்பு விலங்கில், கால்கள் தொழுமரத்தில் பூட்டப்பட்டுக் கிடந்தார். அவர் விசுவாசத்தை மறுதலிக்கவில்லை. விடுதலையாகி வந்த அவரைச் சிப்பிரியான் வாசகராக நியமித்தார். தாம் நியமித்ததற்கான காரணத்தையும் எழுதுகிறார். நற்செய்திக்காகத் துன்பப்பட்டவர் எல்லோரும் காணக்கூடிய உயரத்தில் நின்று அந்த நற்செய்தியை வாசிப்பதே தகும் என்பது அவர் கருத்து. அதே காலத்தில் அவுரேலியுஸ் என்னும் இளைஞரையும் வாசகராக்கினார். அந்த இளைஞர் முதலில் நாடுகடத்தப்பட்டு, பிறகு சித்திரவதையும் அனுபவித்தவர்.

ஆக, திருச்சபையின் மேடையில் நாம் முதன்முதல் பெயரோடு சந்திப்பவர்கள் பெரிய பேச்சாளர்கள் அல்லர். ஒருவர் சிறையிலிருந்து வந்தவர், ஒருவர் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர். பட்டம் பதவியைப் பார்த்து அல்ல, பட்ட பாட்டைப் பார்த்து அவர்கள் ஏற்றப்பட்டார்கள்.

6. சனங்களின் நடுவே வந்த ஆயர்

398ல் கொன்ஸ்தாந்திநோபிள் நகரின் ஆயரான புனித யோவான், 'பொன்வாயர்' என்ற பொருளில் கிறிசோஸ்தோம் என அழைக்கப்பட்டவர். அவருடைய பிரசங்கத்தைக் கேட்கச் சனங்கள் நெருக்கியடித்து வந்தார்கள். ஆயரின் ஆசனமோ பீடத்துக்குப் பின்னே தூரத்தில் இருந்தது. அவர் அதை விட்டு இறங்கி வந்து, சனங்களின் நடுவே இருந்த வாசகர்களின் மேடையில் அமர்ந்து பேசினார் என்று பழைய திருச்சபை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதே காரணம். அவர் மேடைக்கு ஏறினார் என்பதைவிட, மேடைக்கு இறங்கினார் என்பதே பொருத்தம்.

செல்வர்களின் ஆடம்பரத்தையும் ஏழைகள் படும் பசியையும் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசினார். அரண்மனையும் பகைத்தது, ஆயர்கள் சிலரும் பகைத்தார்கள். 404ல் அவர் நாடுகடத்தப்பட்டார். 407ல் இன்னும் தூரமான இடத்துக்குக் கால்நடையாகக் கொண்டுபோகப்படும் வழியில் இறந்தார். திருச்சபை கண்ட மிகப் பெரிய பிரசங்கியார்களில் ஒருவர் இடம்பெயர்ந்தவராகவே கண்மூடினார்.

7. கமக்காரரின் பேச்சு

காலம் செல்லச் செல்ல மேலைநாட்டில் இலத்தீன் சாதாரண மக்களுக்கு விளங்காத மொழி ஆயிற்று. 813ல் பிரான்சின் தூர் நகரில் ஆயர்கள் கூடி, மறையுரைகளை எல்லோருக்கும் விளங்கும்படி நாட்டுப்புறப் பேச்சிலோ ஜேர்மானியப் பேச்சிலோ மாற்றிச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 'நாட்டுப்புறப் பேச்சு' என்று அவர்கள் குறித்தது வயல்வெளி மக்களின் பேச்சை. அந்தப் பேச்சிலிருந்துதான் பிரெஞ்சு மொழி வளர்ந்தது. நமது கோவில்களிலும் பூசை இலத்தீனில் நடந்த காலம் முழுவதும், பிரசங்கம் தமிழில் இருந்தது. மேடையே தாய்மொழியின் இடமாக இருந்தது.

13 ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கு சபையாரும் தொமினிக்கு சபையாரும் ஊர் ஊராகப் பிரசங்கித்தபோது மேடைகள் பெருகின. இத்தாலியின் பீசா நகரில் நிக்கோலா பிசானோ என்னும் சிற்பி 1260ல் செய்த பளிங்கு மேடை இன்றும் புகழ்பெற்றது. அதற்கு ஆறு பக்கங்கள். தூண்களில் சிலவற்றைச் சிங்கங்கள் தாங்குகின்றன. மேடையின் மேலே வைத்த மரக்கூரைக்கும் ஒரு வேலை இருந்தது. பேசும் குரல் உயர்ந்த கூரைக்குள் போய்க் கரைந்துவிடாமல், பலகையில் பட்டுச் சனங்களிடம் திரும்பி வரும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தின் ஒலிபெருக்கி அது. எழுத்தறியாதவனுக்கும் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அதே வேளை, மேடை உயர உயர, பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே தூரமும் கூடியது உண்மை.

8. மேடை இல்லாத காலம்

இந்தத் தூரம் நம் நாட்டில் தலைகீழாகியது. 1658ல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை வந்தது. ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையில் பிரசங்கமே வழிபாட்டின் மையம். காலியில் 1755லும் கொழும்பு வூல்வெண்டாலில் 1757லும் கட்டிமுடித்த அவர்களுடைய ஆலயங்களில் மேற்கூரையோடு கூடிய உயர்ந்த மர மேடைகளை இன்றும் காணலாம்.

கத்தோலிக்கருக்கு மேடை இல்லை. 1687ல் கோவாவிலிருந்து புனித யோசவ்வாஸ் பிச்சைக்காரரைப் போல வேடம் மாறி வந்து சேர்ந்தார். சில்லாலையில் தங்கி, இரவில் வீடுகளில் மக்களைக் கூட்டிப் பலி ஒப்புக்கொடுத்துப் போதித்தார். 1711ல் கண்டியில் இறந்த அவரை 2015ல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்தார். 1705ல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். அவருடைய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் நமது ஊர்களில் பாடி வாசித்தவர்கள் குருக்கள் அல்லர், நமது அண்ணாவிமாரும் மூப்பர்களுமே. மேடை பறிக்கப்பட்ட நாட்களில் வார்த்தை பொதுநிலையினரின் வாயில் வாழ்ந்தது. இந்த மண்ணின் விசுவாசம் தறப்பாளின் கீழும் சாகாததற்கு இது ஒரு காரணம்.

9. மேடையின் விலை

மேடை உண்மையைப் பேசும்போது விலை கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு சாட்சிகளைப் பார்ப்போம்.

1511 திசம்பர் 21 ஆம் நாள், திருவருகைக் கால ஞாயிறு. மேற்கிந்தியத் தீவான இஸ்பஞோலாவில் அந்தோனியோ மொந்தெசீனோஸ் என்னும் தொமினிக்கு சபைக் குரு, ஓலை வேய்ந்த கோவிலில் ஸ்பானியக் குடியேறிகளுக்குப் பிரசங்கித்தார். அந்த மண்ணின் மக்களைச் சுரங்கத்திலும் நிலத்திலும் கொடுமையாக வேலை வாங்குவது பெரும் பாவம், அவர்களும் மனிதரே என்று நேருக்கு நேர் கூறினார். அந்த உரையை அவர் தனியாக எழுதவில்லை. குழுமத்தின் குருக்கள் எல்லோரும் சேர்ந்து ஆயத்தம் செய்து கையொப்பமிட்டிருந்தார்கள். ஆளுனரின் ஆட்கள் வந்து திருத்திப் பேசும்படி நெருக்கினார்கள். அடுத்த ஞாயிறும் அவர் அதையே பேசினார். எஸ்ராவின் இருபக்கமும் நின்றவர்களை இங்கே நினைவுகூருங்கள்.

எல் சல்வடோரின் பேராயர் புனித ஒஸ்கார் ரொமேரோ, அந்தந்த வாரம் கொல்லப்பட்டவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் யார் யார் என்று ஞாயிறு மறையுரையில் வாசித்தார். திருச்சபையின் வானொலி வழியாக விவசாயிகள் குடிசைகளில் இருந்து அதைக் கேட்டார்கள். 1980ல் அந்த வானொலி நிலையம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. மார்ச் 23ல் அடக்குமுறையை நிறுத்தும்படி படையினரை வேண்டினார். மறுநாள் மாலை, பலி ஒப்புக்கொடுக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2018ல் அவர் புனிதரானார். பெயர் சொல்லி வாசிப்பது எவ்வளவு பெரிய பணி என்பதைத் தம் பிள்ளைகளின் பெயரை எழுதி ஏந்தி நிற்கும் தாய்மார் உள்ள நாட்டில் நாம் அறிவோம்.

10. இன்றைய வாசக மேடை

1963 திசம்பர் 4ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. இறைவார்த்தையின் பந்தி மக்களுக்கு நிறைவாகப் பரிமாறப்பட வேண்டும் என்று அது கேட்டது. பிறகு வந்த ஒழுங்குகளின்படி, வாசகங்களும் பதிலுரைப் பாடலும் வாசக மேடையிலிருந்து அறிவிக்கப்படுகின்றன. பொதுநிலையினரான ஆண்களும் பெண்களும் ஏறி வாசிக்கிறார்கள். செலெரினுஸ் நின்ற இடம் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. பழைய உயர்ந்த மரக்கூடுகள் பெரும்பாலும் பாவனையில் இல்லை.

ஆனால் ஒலிவாங்கியும் ஒரு மேடைதான். கமக்காரர் அமைப்பிலும், கிராம அபிவிருத்திச் சங்கத்திலும், மீள்குடியேற்றக் கூட்டத்திலும் அது யாருடைய கையில் இருக்கிறது? நாம் படித்த வரலாறு நான்கு அளவுகோல்களைத் தருகிறது.

அ. மேடையின் உயரம் கேட்பவரின் கண்ணுக்கும் காதுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். விளங்காத மொழியில் வாசிக்கப்படும் சுற்றறிக்கை வாசிக்கப்படாததற்குச் சமம். விளங்கும்வரை கேட்பது நமது உரிமை.

ஆ. பாடுபட்டவருக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். காணியை இழந்தவரைப் பற்றி மற்றவர்கள் பேசுவதற்கு முன், இழந்தவர் பேச வேண்டும். கணவனை இழந்து குடும்பத்தைச் சுமக்கும் பெண் கடைசி வரிசையில் மௌனமாக இருந்தால் அந்தக் கூட்டம் முழுமையானதல்ல.

இ. ஒருவரைத் தனியே ஏற்றிவிடக் கூடாது. எஸ்ராவோடு 13 பேர் நின்றார்கள், மொந்தெசீனோசோடு ஒரு குழுமமே கையொப்பமிட்டது. காணி கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு ஒருவர் போனால் அவர் முறைப்பாட்டுக்காரர். ஊர் கூடி எழுதி, கையொப்பமிட்டுப் போனால் அது மக்களின் குரல்.

ஈ. பேச்சு பங்கில் முடிய வேண்டும். கூட்டம் கலைந்தபின் ஒன்றும் இல்லாத வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசியாவது போகாவிட்டால், அன்று நாம் கேட்டது கூத்து, பிரசங்கம் அல்ல.

கலந்துரையாடலுக்கு

1. நெகேமியா 5:1-13 ஐ வாசியுங்கள். அங்குள்ள முறைப்பாடுகளில் எவை நமது ஊரிலும் உள்ளன? நமக்குள்ளேயே காணியை ஈடு பிடித்து வட்டி வாங்குபவர்கள் இருக்கிறார்களா?

2. சென்ற ஆண்டு நமது ஊரில் நடந்த கூட்டங்களில் பேசியவர்கள் யார்? ஒருநாளும் பேசாதவர்கள் யார்? ஏன்?

3. நமது கோவிலில் வாசகம் வாசிப்பவர்கள் எவ்வாறு தெரிவு செய்யப்படுகிறார்கள்? சிப்பிரியான் பார்த்த தகுதியை நாம் பார்க்கிறோமா?

4. எந்தப் பரணில் இன்று காவலாளி நித்திரை கொள்கிறார்? நமக்கு வரும் ஆபத்துகளை முன்கூட்டிச் சொல்ல வேண்டியவர்கள் யார்?

செய்து பார்க்க

அடுத்த குழுக் கூட்டத்தில் கதிரைகளை வட்டமாக வையுங்கள். கதிரை போதாவிட்டால் எல்லோரும் பாயில் இருங்கள். லூக்கா 4:16-21 ஐ இதுவரை சபையில் வாசிக்காத ஒருவர் வாசிக்கட்டும். பிறகு ஒவ்வொரு குடும்பமும் விட்டு வந்த காணியின் பெயரையும், எல்லைகளையும், உறுதியோ அனுமதிப்பத்திரமோ எவரிடம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சொல்லட்டும். எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதட்டும். முடிவில் அந்தக் கொப்பியை உரத்து வாசித்து, எல்லோரும் கையொப்பமிடுங்கள். கையொப்பமிடத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் இடலாம்.